கண்ணுக்குத் தெரியாத ஒளியில் கேமரன் மலைத் தேயிலை
அகச்சிவப்பு, புற ஊதாப் படக்கருவிகள்: ஓர் அறிமுகம்

கேமரன் மலைக்குச் சென்று திரும்பிய எவருடைய கைப்பேசியிலும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். மடிப்பு மடிப்பாக இறங்கும் தேயிலைச் சரிவு, மேலே தவழும் மூடுபனி, நடுவே வளைந்து செல்லும் பாதை. படம் முழுவதும் பச்சை. அந்தப் பச்சைக்குள் எந்தச் செடி நலமாக உள்ளது, எது வாடத் தொடங்கிவிட்டது என்பதை அப்படம் பெரும்பாலும் சொல்வதில்லை.

தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அதே பச்சையை வேறுவிதமாகப் பார்த்தார்கள். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்திலும் மலையில் எழுந்த பிற தேயிலைத் தோட்டங்களிலும் கொழுந்து எடுத்த நம் முன்னோர், இலையைப் புரட்டிப் பார்த்தே செடியின் நிலையை அறிந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறோம். மலையில் கொழுந்து எடுப்போரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கையால் பறித்த இடங்களில் கத்தரிகளும் இயந்திரங்களும் வந்துவிட்டன. இலையை வாசிக்கத் தெரிந்த கண்கள் குறைந்துவரும் இக்காலத்தில், கண் காணாத ஒளியில் இலையைப் படமெடுக்கும் கருவிகளைப் பற்றி நாம் அறிந்துகொள்வது தேவையாகிறது. எக்கருவி எதற்குப் பயன்படும், எதற்குப் பணம் செலவிடலாம், எடுத்த படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற மூன்று கேள்விகளுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

கண்ணின் எல்லைக்கு இரு புறமும்

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களையே காண்கிறது. ஊதா தொடங்கிச் சிவப்பு வரை வானவில்லில் காண்பது இவ்வளவுதான். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருள் என்று தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் ஏறியது. அதுவே அகச்சிவப்புக் கதிர். மறு ஆண்டே ஜெர்மனியைச் சேர்ந்த ஜோஹன் ரிட்டர், ஊதாவுக்கு அப்பாலுள்ள பகுதியில் வெள்ளிக் குளோரைடு விரைவாகக் கறுப்பதைக் கண்டார். அது புற ஊதாக் கதிர். இவ்விரண்டு ஒளியிலும் எடுத்த நிலக்காட்சிப் படங்களை அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் வுட் 1910இல் வெளியிட்டார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் உள்ளவரைக் கண்டறிய விமான நிலையங்களில் வைக்கப்படும் கருவியும் அகச்சிவப்புக் கருவியே. ஆனால் அது 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரையிலான வெப்பக் கதிர்களைப் பதிவு செய்கிறது. நாம் இங்குப் பேசுவது 700 முதல் 1,000 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பைப் பற்றியது. இது பொருளின் வெப்பத்தைக் காட்டுவதில்லை. சூரிய ஒளியின் ஒரு பகுதி பொருளின்மீது பட்டுத் திரும்புவதையே காட்டுகிறது. ஆகவே, அண்மை அகச்சிவப்புப் படத்தில் வெண்மையாகத் தெரியும் இலை சூடான இலை என்று பொருளாகாது.

இலை ஏன் வெண்மையாகிறது?

அகச்சிவப்பில் எடுத்த தேயிலைச் சரிவின் படம் பனி பொழிந்த மலையைப் போல் இருக்கும். இலைகள் வெண்மை, வானம் கருமை, வரிசைகளுக்கு இடையிலுள்ள ஈரமண் கருங்கோடுகள். இதை ‘வுட் விளைவு’ என்பர். மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று பலர் எண்ணுகின்றனர். இது மேலே சொன்ன இராபர்ட் வுட்டின் பெயரால் வந்தது.

இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் 700 நானோமீட்டரைத் தாண்டிய ஒளிக்குப் பச்சையம் கண்ணாடி போன்றது. அவ்வொளி இலைக்குள் புகுந்து, பஞ்சு போன்ற உயிரணு அடுக்கிலுள்ள காற்றிடைவெளிகளில் சிதறி, பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. நலமான இலை தன்மேல் படும் அண்மை அகச்சிவப்பில் பாதியளவுகூடத் திருப்பி அனுப்பும். சிவப்பிலோ நூற்றுக்கு ஐந்து, பத்துதான் திரும்பும்.

இலை நோயுற்றால் இந்த இடைவெளி சுருங்குகிறது. பச்சையம் குறையும்போது சிவப்பு ஒளி கூடுதலாகத் திரும்புகிறது. உள்ளடுக்கு சிதையும்போது அகச்சிவப்பு குறைகிறது. சில நோய்களில் இம்மாற்றம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அகச்சிவப்புப் படம் வேளாண்மைக்குப் பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

தென்னந்தோப்பு சொல்லித் தந்த பாடம்

இதற்கு நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு கேரளத்தில் உண்டு. அங்குத் தென்னையைத் தாக்கிய வேர்வாடல் நோய் உழவர்களைப் பெரிதும் வாட்டியது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி. ஆர். பிஷாரடி என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் தென்னந்தோப்புகளைப் படமெடுத்தனர். அப்படச்சுருளில் நலமான மரம் செக்கச் சிவந்து தோன்றும். நோயுற்றது நிறம் மங்கும். பகைவர் இலைதழைகளுக்குள் மறைத்துவைத்த படைக்கலங்களைக் கண்டுபிடிக்க இரண்டாம் உலகப் போரில் உருவான நுட்பம், தென்னைக்கு மருத்துவம் பார்க்க வந்தது.

இந்தியத் தொலையுணர்வியல் அந்தத் தோப்புகளிலிருந்தே தொடங்கியது என்பர். பிஷாரடியை அத்துறையின் தந்தை என்று போற்றுவர். 1988இல் விண்ணில் செலுத்தப்பட்ட இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ அண்மை அகச்சிவப்பிலும் பூமியைப் பார்த்தது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972லேயே அதைச் செய்தது. மலேசியாவின் ராசாக்சாட் 2009இல் நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் ஏவப்பட்டபோது அதிலும் அகச்சிவப்புப் பட்டை ஒன்று இருந்தது.

அகச்சிவப்புக்கு வேண்டிய கருவிகள்

ஒரு காலத்தில் இதற்குத் தனிப் படச்சுருள் வேண்டும். கோடாக் நிறுவனத்தின் எச்.ஐ.இ. என்னும் கறுப்பு வெள்ளைச் சுருள் புகழ்பெற்றது. முழு இருட்டில்தான் அதைக் கருவிக்குள் பொருத்த முடியும். வெப்பத்தில் கெட்டுவிடும். 2007இல் அதன் தயாரிப்பு நின்றது.

இன்றைய எண்முறைப் படக்கருவியின் உணரி சிலிக்கானால் ஆனது. சிலிக்கான் இயல்பாகவே ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை காணும். வண்ணங்கள் கெட்டுவிடாதிருக்க, உற்பத்தியாளர்கள் உணரியின் முன் அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். ஆகவே நம்மிடமுள்ள கருவிக்குப் பார்வை உண்டு, திரை போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தொலைக்காட்சித் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கைப்பேசியின் முன் பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல கைப்பேசிகளின் முன்புறப் படக்கருவியில் ஊதா நிறப் பொட்டு ஒன்று மின்னும். அத்திரையைத் தாண்டிக் கசியும் அகச்சிவப்பு அது.

முதல் வழி, வடிகட்டி. ஹோயா ஆர்72 போன்ற வடிகட்டி 720 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்கு ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும் இக்கண்ணாடியை லென்ஸின் முன் திருகினால் போதும். கருவியின் உள்ளே தடுப்புக் கண்ணாடி இருப்பதால் கசியும் ஒளி சொற்பம். நண்பகல் வெயிலிலும் பல நொடிகள் திறந்துவைக்க நேரும். எனவே முக்காலி கட்டாயம். காற்றில் ஆடும் கொழுந்துகள் கலங்கித் தெரியும். நிக்கான் டி70 போன்ற 2000களின் தொடக்கக் காலக் கருவிகளில் தடுப்பு வலுவற்றது. பழையன என்று ஒதுக்கப்பட்ட அக்கருவிகள் இவ்வேலைக்கு ஏற்றவை.

இரண்டாம் வழி, மாற்றியமைத்த கருவி. உள்ளிருக்கும் தடுப்புக் கண்ணாடியை நீக்கி, அவ்விடத்தில் அகச்சிவப்பு வடிகட்டியையோ தெளிந்த கண்ணாடியையோ பொருத்தித் தரும் பட்டறைகள் உண்டு. அதன்பின் கையில் பிடித்தே படமெடுக்கலாம். உணரியிலிருந்தே குவியம் பார்க்கும் கண்ணாடியில்லாக் கருவிகள் (மிரர்லெஸ்) இதற்கு மிகப் பொருத்தம். வீட்டிலேயே திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். மின்னொளி விளக்கின் மின்தேக்கியில் தேங்கியுள்ள நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம், மின்கலத்தை எடுத்த பின்னும் தாக்கும்.

மூன்றாம் வழியே மாணவர்களுக்கு மிக ஏற்றது. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்காக 2013இல் ‘நோஐஆர்’ என்னும் படக்கருவி வெளிவந்தது. தடுப்புக் கண்ணாடி இல்லாமலே செய்யப்பட்டது. அதனோடு ஒரு நீல நிறத் தாளும் தந்தார்கள். அத்தாள் சிவப்பைத் தடுத்து நீலத்தையும் அகச்சிவப்பையும் விடும். ஒரே படத்தில் நீலத்தையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு இலையின் நலத்தை மதிப்பிட இது உதவும்.

லென்ஸைப் பொறுத்தவரை, விலை உயர்ந்தது சிறந்தது என்னும் கணக்கு இங்குச் செல்லாது. சில நல்ல லென்ஸ்களிலும் அகச்சிவப்பில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று விழும். துளையைச் சுருக்கச் சுருக்க அது கூடும். வாங்குமுன் சோதித்துப் பார்ப்பதே வழி. அகச்சிவப்பின் குவியம் சற்றுத் தள்ளி விழுவதால், பழைய லென்ஸ்களில் அதற்கெனச் சிவப்புக் குறி ஒன்று இட்டிருப்பார்கள்.

மலையில் படமெடுக்கும்போது

வழக்கமான நிலக்காட்சிப் படத்துக்கு அதிகாலையும் மாலையும் நல்ல வேளை. அகச்சிவப்புக்கோ நல்ல வெயில் வேண்டும். கேமரன் மலையில் பிற்பகல் மழை அடிக்கடி வருவதால், காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

அகச்சிவப்பு மூடுபனியை ஊடுருவும் என்று பலர் நம்புகின்றனர். இது பாதி உண்மை. காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்தின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றை அகச்சிவப்பு ஓரளவு கடந்து செல்லும், தொலைமலைகள் தெளியும். மலைப்பனியின் நீர்த்துளிகளோ அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எந்த வடிகட்டி போட்டாலும் பனி பனியாகவே இருக்கும்.

வெண்மைச் சமநிலையைத் தேயிலை இலைகளைப் பார்த்தே அமைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கப்படாத மூலக்கோப்பாகப் படத்தைச் சேமிக்க வேண்டும். திரும்பி வந்தபின் லென்ஸ்களை ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் பெட்டியில் வைக்க வேண்டும். மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூசணம் படர்வது எளிது.

புற ஊதா: கடினமான பக்கம்

அகச்சிவப்புக்கு நூறு வெள்ளிகளில் தொடங்கலாம் என்றால், புற ஊதாவுக்கு ஆயிரங்கள் தேவைப்படலாம். காரணம் கண்ணாடி. சாதாரண லென்ஸின் கண்ணாடியும் பூச்சும் ஒட்டுப்பசையும் 350 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இதற்காகவே நிக்கான் நிறுவனம் குவார்ட்ஸ், ஃபுளோரைட் ஆகியவற்றால் ‘யுவி-நிக்கோர் 105’ என்னும் லென்ஸைச் செய்தது. 220 முதல் 900 நானோமீட்டர் வரை குவியம் மாறாமல் காட்டும் அதன் விலை, மாணவர் கைக்கு எட்டாதது. பழைய இருட்டறைப் பெருக்கிகளில் இருந்த எல்-நிக்கோர் 80 மி.மீ. போன்ற எளிய லென்ஸ்கள் புற ஊதாவை ஓரளவு விடுவதால், ஆர்வலர்கள் அவற்றை வளையங்களால் கருவியில் பொருத்திக்கொள்கின்றனர்.

வடிகட்டியிலும் சிக்கல் உண்டு. புற ஊதாவை விடும் கருங்கண்ணாடிகள் பலவும் அகச்சிவப்பையும் கசியவிடும். சிலிக்கான் உணரிக்கு அகச்சிவப்பில் கூர்மை மிகுதி என்பதால், புற ஊதாப் படம் என்று நாம் எண்ணுவது உண்மையில் அகச்சிவப்புப் படமாக இருந்துவிடலாம். படத்தில் இலை வெண்மையாக இருந்தால் கசிவு உண்டு என்று கொள்ளலாம். உண்மையான புற ஊதாப் படத்தில் இலை கறுப்பாகவே இருக்கும். தன்னைக் காத்துக்கொள்ள அது சேர்த்துவைக்கும் வேதிப்பொருள்கள் அக்கதிரை உறிஞ்சிவிடுகின்றன. பாடர் நிறுவனத்தின் ‘யு’ வடிகட்டி இக்கசிவை நன்கு அடைத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் லென்ஸுக்குக் காப்பாக விற்கும் ‘யுவி ஃபில்டர்’ புற ஊதாவைத் தடுப்பது. பெயரைப் பார்த்து அதை வாங்கினால் பயனில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் காண்பது என்ன? மலையோரத்து மஞ்சள் பூக்கள் பலவற்றின் நடுவே, தேன் இருக்கும் திசையைத் தேனீக்குக் காட்டும் கரிய வளையம். முகத்தில் பூசிய வெயில்காப்புக் களிம்பு கரியாகத் தெரியும் வேடிக்கை. தேயிலைக்கும் இதில் தொடர்புண்டு. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாவின் அளவு நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வரை கூடுகிறது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. குளிர்கிறது என்று தொப்பியின்றி நிற்கும் சுற்றுலாப் பயணிக்கும், நாள் முழுதும் சரிவில் நிற்கும் தொழிலாளிக்கும் அது தெரிவதில்லை. அதே கதிர் தேயிலைக்குக் காவலாகவும் இருக்கிறது. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவி இளந்தளிர்களைக் கெடுத்த கொப்புள நோய்ப் பூசணத்தின் வித்துகள் வெயிலிலும் புற ஊதாவிலும் மடியக்கூடியவை. மேகம் மூடிய நாள்களே அதற்கு நல்ல காலம்.

செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. 365 நானோமீட்டர் கைவிளக்கால் இருட்டில் ஒளியூட்டி, சாதாரணப் படக்கருவியால் எடுப்பது. இதில் பதிவாவது புற ஊதா அன்று. அதனால் தூண்டப்பட்டுப் பொருள் உமிழும் ஒளி. பச்சிலையைச் சாராயச் சத்தில் ஊறவைத்த பச்சைநீர் இவ்விளக்கில் இரத்தச் சிவப்பாக ஒளிரும். கற்களின் இடுக்கிலுள்ள தேள் நீலப்பச்சையாக மின்னும்.

படம் எப்போது சான்றாகும்?

அழகான அகச்சிவப்புப் படம் ஒன்றைக் காட்டி, இந்தச் செடிக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. படக்கருவி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால், இரண்டு படங்களின் வெண்மையை அப்படியே ஒப்பிடலாகாது. ஒவ்வொரு படத்திலும் ஒரே சாம்பல் அட்டையை வைத்து அளவு பார்க்க வேண்டும். பின் சிவப்பையும் அகச்சிவப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இக்கணக்கு எளிது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இதுவே என்.டி.வி.ஐ. எனப்படும் தாவரக் குறியீடு. விளக்கத்துக்காக, ஒரு செடி அகச்சிவப்பில் 50 பங்கும் சிவப்பில் 5 பங்கும் திருப்பி அனுப்புகிறது என்போம். 45ஐ 55ஆல் வகுத்தால் 0.82. மற்றொன்று 35, 12 என்றால் 23ஐ 47ஆல் வகுக்க 0.49. வெறும் மண் 25, 20 என்றால் 0.11. ஆளில்லா வானூர்திகளில் பொருத்தும் பல்பட்டைக் கருவிகள் இதையே செய்கின்றன. 2015 முதல் பறக்கும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் பத்து மீட்டர் துல்லியத்தில் எடுக்கும் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். கருவி வாங்க இயலாதவர், மேகமில்லாத நாளொன்றின் படத்தைத் தேடியெடுத்து இன்றே தொடங்கலாம். தேயிலைச் சரிவு, காடு, நெகிழிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டம், புதிதாக வெட்டிய வெறுநிலம் ஆகியவை அதில் தனித்தனியே பிரிந்து நிற்கும். தெளிந்த நீர் கறுப்பாகவும் சேறு கலந்த நீர் சற்று வெளிறியும் தெரியும். 2013 அக்டோபரில் அணைநீர் திறக்கப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியானதை மறவாதோர்க்கு, மேலே மண் அரிப்பதையும் கீழே நீர் கலங்குவதையும் கண்காணிப்பது வெறும் பாடவேலையாகத் தோன்றாது.

ஆனால் 0.49 என்ற எண் காரணத்தைச் சொல்லாது. அது கொப்புள நோயாக இருக்கலாம், செஞ்சிலந்தியாக இருக்கலாம், உரக்குறைவாக இருக்கலாம். சென்ற வாரம் கவ்வாத்து வெட்டிய மலையாகவும் இருக்கலாம். கவ்வாத்து முடிந்த செடியில் இலையே இராது. வானிலிருந்து பார்க்கும் கருவிக்கு அது சாகும் செடி. கீழே நிற்பவருக்கு அது துளிர்க்கப் போகும் செடி. படம் சுட்டிய இடத்துக்கு நடந்து சென்று இலையைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாவிடில், ஆயிரக்கணக்கில் செலவிட்ட கருவி தவறான மலைக்கு மருந்தடிக்கச் சொல்லும். அந்த மருந்தைச் சுமந்து சென்று அடிப்பவரும் சுவாசிப்பவரும் தொழிலாளியே.

சில எச்சரிக்கைகள்

கறுப்பாக இருக்கிறதே என்று அகச்சிவப்பு வடிகட்டியின் வழியே சூரியனைப் பார்க்கலாகாது. கண்ணைச் சுடும் கதிரை அது தடையின்றி விடும். புற ஊதா விளக்கைப் பயன்படுத்துவோர் அதற்குரிய காப்புக்கண்ணாடி அணிய வேண்டும். சிலவகைத் துணிகளை அகச்சிவப்பு ஊடுருவும். 1998இல் சோனியின் இருட்டுப்பார்வைக் காணொலிக் கருவி இதனால் சர்ச்சைக்குள்ளாகி மாற்றியமைக்கப்பட்டது. எனவே ஆள்களை இக்கருவியால் எடுக்குமுன் அவர்களின் இசைவைப் பெறுவது கடமை. தோட்டத்துக்குள் நுழையவும் வானூர்தி பறக்கவிடவும் உரிய அனுமதி வேண்டும்.

தொடங்குவோருக்கு

பழைய படக்கருவி ஒன்று, 720 நானோமீட்டர் வடிகட்டி ஒன்று, முக்காலி ஒன்று, சாம்பல் அட்டை ஒன்று. முதல் ஆண்டுக்கு இவை போதும். புற ஊதாவை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இயற்பியல் படிப்பவர் கருவியையும், கணினி படிப்பவர் கணக்கையும், உயிரியல் படிப்பவர் இலையையும் பார்த்துக்கொண்டால், கழக மாணவர் நால்வர் சேர்ந்து ஓராண்டில் ஒரு மலையின் கதையைப் பதிவு செய்துவிடலாம்.

இக்குழுவில் ஐந்தாவதாக ஒருவரும் இருக்க வேண்டும். கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற பாட்டியோ, கங்காணியாக இருந்த தாத்தாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், எடுத்த படங்களை அவர்கள்முன் விரித்து, இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே எழுதி, படத்தோடு சேர்த்துவையுங்கள். வடிகட்டியை நாளையும் வாங்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிடுவது நல்லது.